நெல்லிக்கனி நாட்டில் பெற்றோருக்கு ஓர் இருக்கை

சேலத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் வளைந்து வளைந்து மேலேறுகின்றது. இருமருங்கும் முட்புதர் மண்டிய குன்றுகள். பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஊர்கின்றன. கணவாயைக் கடந்து மேட்டு நிலத்தை அடைந்தால், கேழ்வரகும் மரவள்ளியும் மஞ்சளும் தக்காளியும் விளையும் செம்மண் பூமி நம் கண்முன் விரிகின்றது. சாலையோரப் புளிய மரங்கள் நிழல் தருகின்றன. சங்கப் புலவர் பாடிய தகடூர் நாடு இதுவே. இன்று தருமபுரி மாவட்டம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து இது தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சேலம் மறைமாவட்டத்தினின்று தருமபுரி மறைமாவட்டம் உருப்பெற்றது 1997-இல்.

இந்நாட்டிற்கு வருவோர் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியைக் கண்டு திரும்புவர். நாமும் அதனைக் கண்டோம். ஆயினும் இக்கட்டுரையில் நாம் பேச விழைவது அருவியைப் பற்றியன்று. வளரிளம் பருவத்தில் போதைப் பொருளைத் தொட்டுவிட்ட பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று அமர்வுகளில் முடியும் குறுகிய ஆற்றுப்படுத்தல் முறை ஒன்று உண்டு. அம்முறையில் பெற்றோர்க்கு உரிய இடம் எது? வேலை தேடி வெளியூர் செல்லும் பெற்றோர் மிகுந்த இம்மாவட்டத்தில் அவ்விடத்தை அவர்களுக்கு எப்படி அளிப்பது? இவ்வினாக்களோடுதான் நாம் இம்முறை தகடூர் நாட்டை வலம் வந்தோம்.

கனியும் கள்ளும்

தருமபுரி என்றதும் நினைவுக்கு வருபவர் இருவர்: அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையும். நீண்ட ஆயுளைத் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன் அதியமான். பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி இது. ஆனால் புறநானூற்றில் அவனைக் குறித்த மற்றொரு செய்தியும் உண்டு. அவன் மாண்டபின் ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் அதனைப் புலவர்க்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் புலவர் பாடத் தானும் உண்டு மகிழ்வான் என்றும் நினைந்து உருகுகிறார். கனி கொடுத்த கையே கள்ளும் கொடுத்தது. நட்பும் விருந்தும் கூடிய இடத்தில் மதுவும் இருந்தது என்பதை நம் இலக்கியம் மறைக்கவில்லை.

பின்னர் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் அவர் சான்றாக அழைப்பவர்களுள் ஒருத்தி, பெற்ற தாய். பிள்ளையின் எல்லாப் பிழையையும் பொறுக்கும் தாய்க்கும் பொறுக்கவொண்ணாத காட்சி இது என்பது அவர் கருத்து. போதைக்கும் பெற்றோர்க்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் அன்றே எண்ணிப் பார்த்துள்ளனர்.

இம்மண்ணுக்கு இன்னொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. அன்று தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதி. எனவே அச்சட்டத்தை முதன்முதல் கண்ட ஊர்களுள் இந்த ஊர்களும் அடங்கும். அதற்கும் முன்பே, 1929-இல், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குத் திங்களிதழை இராஜாஜி நடத்தினார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அதில் அவருக்குத் துணை நின்றார். 1948-க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது. 1971-இல் அது தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981-இல் மீண்டும் விலகியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தி வருகின்றது. கடைகள் பூட்டப்பட்டதையும் திறக்கப்பட்டதையும் இம்மாவட்டத்து முதியோர் தம் வாழ்நாளிலேயே பன்முறை கண்டுவிட்டனர். சட்டம் கடையைப் பூட்டலாம். பூட்டிய கடைக்கும் திறந்த கடைக்கும் இடையே வளரும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

கைக்கு எட்டும் பொருள்கள்

இன்று சிறுவர் கைக்கு எட்டுவது மது மட்டுமன்று. கூல் லிப் போன்ற, உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலங்கள், ஹான்ஸ், பீடி, சிகரெட், கஞ்சா, வலி மாத்திரைகள், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் எனப் பட்டியல் நீள்கின்றது. பெங்களூரிலிருந்து தெற்கே வரும் பெருவழி இம்மாவட்டத்தின் ஊடே செல்கின்றது. காய்கறி மூட்டைகளுக்கு இடையில் மறைத்துக் கொண்டுவரப்படும் புகையிலைப் பொருள்கள் பிடிபட்ட செய்தியை நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கிறோம்.

புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவை நடுவண் அரசு 2019-இல் வெளியிட்டது. மது, கஞ்சா முதலியவற்றில் பெரியவர்களின் விழுக்காடே மிகுதி. ஆனால் முகர்ந்து மயங்கும் பொருள்களில் மட்டும் நிலை தலைகீழ்: பெரியவர்களில் நூற்றுக்கு 0.58, 10 முதல் 17 வயதுச் சிறாரில் 1.17. எளிதில் கிடைப்பதும், விலை குறைந்ததும், வீட்டார் ஐயுறாததும் எதுவோ அதுவே பிள்ளையின் கைக்கு முதலில் வருகின்றது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சிறார்க்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். இவை விற்பவனை நோக்கியவை. தொட்டுவிட்ட பிள்ளைக்கு வேறு உதவி வேண்டும்.

பென்னாகரம் பேருந்து நிலையம்

தருமபுரி நகரிலிருந்து மேற்கே சென்றால் பென்னாகரம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பெங்களூரோ திருப்பூரோ கேரளமோ செல்வதன்றி வேறு வழி அறியாத குடும்பங்கள் இப்பக்கத்தில் ஏராளம். பேருந்து நிலையத்தில் துணிமூட்டையும் தூக்குவாளியுமாகக் காத்திருந்த ஓர் அம்மையாரிடம் நாம் பேச்சுக் கொடுத்தோம். பள்ளியில் பெற்றோர் கூட்டங்களுக்குச் செல்வதுண்டா என்று வினவினோம்.

“அவங்கப்பா பெங்களூருல கட்டட வேலைங்க. நானும் பாதி நாளு அங்கதாங்க. பொங்கலுக்கு வருவோம், ஊர்ப் பண்டிகைக்கு வருவோம். பையன் ஆயாகிட்ட இருக்கான். பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா யாருங்க போறது? ஆயாவுக்குக் கண்ணே தெரியாது” என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் முறையீடு எதுவும் இல்லை. நடப்பதைச் சொன்னார். நாம் தேடி வந்த வினாவின் கடினமான பகுதி அவ்விடைக்குள் அடங்கியிருந்தது. பிள்ளையின் வயிற்றுக்காக ஊரை விட்டுச் செல்லும் பெற்றோரை, பிள்ளையின்மீது அக்கறை இல்லாதவர் என்று எவ்வாறு சொல்வது?

குறுகிய ஆற்றுப்படுத்தல் என்பது யாது?

ஆற்றுப்படுத்தல் நமக்குப் புதிய சொல்லன்று. தான் சென்று பயன் பெற்ற வழியைப் பிறர்க்குக் காட்டி அனுப்புவதே சங்க காலத்து ஆற்றுப்படை. இன்று உளவள ஆலோசனையை அப்பெயரால் வழங்குவது எத்துணைப் பொருத்தம்! இங்கும் ஆலோசகர் ஆணையிடுவதில்லை. வழியைக் காட்டுகிறார், நடப்பவன் பிள்ளை.

நோயாக முற்றாத நிலையில், இடையிடையே பயன்படுத்தத் தொடங்கியுள்ள மாணவர்க்காக வகுக்கப்பட்ட முறை இது. அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் கென் வின்டர்ஸ் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இதனைப் பள்ளிகளில் செய்து பார்த்தனர். 12 முதல் 18 வயது வரை உள்ள 315 மாணவரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மணிநேர அமர்வுகள் இரண்டு; மற்றொரு பிரிவினர்க்கு அவ்விரண்டோடு பெற்றோர்க்கென ஓர் அமர்வு; மூன்றாம் பிரிவினர்க்கு எதுவும் இல்லை. ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, அமர்வு பெற்ற இரு பிரிவினரும் பெறாதோரைவிட நன்னிலையில் இருந்தனர். பெற்றோர் அமர்வும் சேர்ந்த பிரிவினர் பல அளவைகளில் இன்னும் மேம்பட்டு நின்றனர். 2012-இல் வெளிவந்த இவ்வாய்வு நமக்குச் சொல்வது எளிய செய்தி: ஒரு மணிநேரம் பெற்றோரை அமர்த்திப் பேசியது வீண் போகவில்லை.

அமர்வுகளில் நடப்பது என்ன? பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். முதல் அமர்வில் ஆலோசகர் அவனிடம், இப்பழக்கத்தால் உனக்குக் கிடைப்பது என்ன, நீ இழப்பது என்ன என்று இரு பக்கத்தையும் கேட்கிறார். “நண்பர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள்” என்று அவன் ஒரு பக்கம் சொல்வான். “கபடி ஆடினால் மூச்சு வாங்குகிறது, அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது” என்று மறுபக்கமும் அவனே சொல்வான். அறிவுரை பொழியாமல் கேட்டால்தான் அந்த மறுபக்கம் வெளிவரும். முடிவில், அடுத்த வாரத்திற்குள் தான் செய்யக்கூடிய ஒரு சிறு மாற்றத்தை அவனே குறித்துக்கொள்கிறான். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து வரும் இரண்டாம் அமர்வில், எது நடந்தது, எது தவறியது, எந்த இடத்தில் எந்த நண்பன் முன்னே மனம் தளர்ந்தது என ஆராய்கின்றனர். மறுத்துச் சொல்லும் முறையைப் பழகிப் பார்க்கின்றனர். மூன்றாவது அமர்வு பெற்றோர்க்கு உரியது.

பெற்றோர் அமரும் இருக்கை

இவ்விருக்கையைக் குறித்து நாம் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில், அழைப்பு வந்ததும் பெற்றோர் நெஞ்சில் எழுவது இரண்டே எண்ணங்கள்: ‘நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள்’ என்பது ஒன்று, ‘பையன் செய்ததையெல்லாம் இன்று தெரிந்துகொள்ளலாம்’ என்பது மற்றொன்று. இரண்டும் தவறானவை.

பிள்ளை தனியே சொன்ன செய்திகளை ஆலோசகர் பெற்றோரிடம் ஒப்பிப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டுமே அந்த மறை காக்கப்படாது என்பதை அவர் முதல் நாளே இருசாராரிடமும் சொல்லிவிடுகிறார். இந்த உறுதி இல்லையேல் பிள்ளை வாய் திறவான்.

பின் எதைப் பேசுவர்? பெற்றோர் இதுவரை செய்து பார்த்தவற்றை முதலில் கேட்பர். அடித்தது, கோயிலில் சத்தியம் வாங்கியது, மாமன் வீட்டுக்கு அனுப்பியது, பள்ளியை நிறுத்தி வேலையில் சேர்க்க எண்ணியது என அவர்கள் சொல்வார்கள். எது பயன் தந்தது, எது பிள்ளையை மேலும் ஒளிந்துகொள்ளச் செய்தது என்பது அவ்வாறு சொல்லும்போதே அவர்களுக்குப் புலப்படும்.

அடுத்து, வீட்டின் பழக்கம். “ஒரு கட்டுப் பீடி வாங்கிக்கொண்டு வாடா” என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்பிய நாளை நாம் மறந்திருக்கலாம், பிள்ளை மறப்பதில்லை. மாமன் மச்சான் கூடும் விருந்தில் தந்தை ஊற்றிக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். தந்தை குடிப்பவராயின், அவர் அந்த அமர்வில் தம் பழக்கத்தையும் பேச நேரும். இது மிகவும் கசப்பான இடம். ஆயினும், “நானும் குறைக்கப் பார்க்கிறேன், நீயும் விடப் பார்” என்று ஒரு தந்தை தன் மகனிடம் சொல்ல முடிந்தால், அச்சொல்லுக்கு நூறு அறிவுரைக்கு இல்லாத வலிமை உண்டு.

மூன்றாவது, கண்காணிப்பு. பிள்ளை யாருடன் செல்கிறான், எப்போது திரும்புவான், கைச்செலவுக்குப் பணம் எவ்வளவு என அறிந்திருப்பதே கண்காணிப்பு. பையைத் துழாவுவதும், தெருவில் பின்தொடர்வதும், தம்பி தங்கையர் முன் விசாரிப்பதும் அன்று. முன்னதால் பிள்ளை பாதுகாப்பாக உணர்கிறான்; பின்னதால் திறமையாக மறைக்கக் கற்கிறான்.

நான்காவது, பேசும் முறை. “குடிகார நாயே, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. “நேற்று நீ வர ஒன்பது மணி ஆயிற்று. எனக்கு அச்சமாக இருந்தது. என்ன நடந்தது, சொல்” என்று தொடங்கினால் பிள்ளை ஒரு வார்த்தையாவது சொல்வான். பெற்றோர் இருவரும் ஒரே சொல்லில் நிற்பதும் வேண்டும். தாய் மறைத்துக் காசு கொடுக்க, தந்தை தேடிப் பிடித்து அடிக்க, இடையே பிள்ளை தப்பித்துக்கொள்ளும் வீடுகள் பல.

அமர்வின் இறுதியில் பிள்ளையையும் உள்ளே அழைப்பர். தான் குறித்துக்கொண்ட இலக்கை அவனே தன் வாயால் பெற்றோரிடம் சொல்கிறான். அதற்குத் துணையாகத் தாம் செய்யப்போவது ஒன்றைப் பெற்றோர் சொல்கின்றனர். அவ்வளவே.

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறும்போது, எங்கெங்கே அமர வேண்டும் என்று பரிசலோட்டி ஒவ்வொருவர்க்கும் இடம் காட்டினார். துடுப்பு அவர் கையில்தான். ஆயினும் அமர்ந்திருப்போர் ஒரே பக்கம் சாய்ந்தால் அவரால் பரிசலை நேரே செலுத்த இயலாது. ஆலோசகர்க்குப் பிள்ளையோடு கிடைப்பது இரண்டு மணிநேரம். வாரத்தின் மற்றை நேரத்தில் பெரும்பகுதி வீட்டில் கழிகின்றது. வீட்டின் பளு ஒரு பக்கமே சாய்ந்திருந்தால் அந்த இரண்டு மணிநேரம் என் செய்யும்?

எல்லை அறிதல்

இம்முறை எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. நாள்தோறும் பயன்படுத்துபவன், நிறுத்தினால் நடுக்கமோ வலிப்போ காண்பவன், பிறர்க்குப் புலப்படாதவை தெரிவதாகவும் கேட்பதாகவும் சொல்பவன், தன்னை மாய்த்துக்கொள்ளும் பேச்சுப் பேசுபவன் ஆகியோரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்வது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே உண்டு. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. முற்றிய நிலைக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் போதை மருத்துவப் பிரிவும் எட்டும் தொலைவில் உள்ளது. 14446 என்னும் நாடளாவிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முதல் ஆலோசனை பெறலாம்.

பெற்றோரை எங்கே, எப்போது சந்திப்பது?

இனி, பென்னாகரத்து அம்மையாரின் வினாவுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் அழைத்தால் யார் போவது?

இதற்கு வழிகாட்டும் முன்னனுபவம் தமிழகத்திலேயே உண்டு. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மதுவுக்கு அடிமையானோர்க்குச் சிகிச்சை அளிக்கையில் குடும்பத்தாரையும் அதில் சேர்த்துக்கொண்டது. 1989-இல் அது இன்னொரு படியும் சென்றது. சென்னை வர இயலாத உழவர்க்காக, அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று முகாம் நடத்தியது. மக்கள் மருத்துவமனையைத் தேடி வர இயலாவிடில், மருத்துவம் மக்களைத் தேடிச் செல்லலாம் என்பதை மஞ்சக்குடி மெய்ப்பித்தது.

ஆலோசகர்க்கு எங்கே போவது என்போர்க்குக் கோவாவிலிருந்து ஒரு விடை. அங்கே ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மிகுதியாகக் குடிக்கும் ஆடவர் 377 பேரிடம் நடத்திய ஆய்வில், மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண மக்களே பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று, ஒன்று முதல் நான்கு அமர்வுகள் வரை நடத்தி நற்பயன் கண்டனர். அவர்கள் சந்தித்தது வளர்ந்த ஆடவரை. சிறார்க்கு அதனை அப்படியே கொள்ளலாகாது. ஆயினும் தக்க பயிற்சி பெற்ற ஆசிரியரோ செவிலியரோ அருட்சகோதரியரோ இப்பணியில் கைகொடுக்க இயலும் என்னும் நம்பிக்கையை அது தருகின்றது.

எனவே தருமபுரி போன்ற மாவட்டத்தில், பெற்றோர் அமர்வின் நாளைப் பள்ளி நாட்காட்டி முடிவு செய்யலாகாது. குடும்பத்தின் நாட்காட்டி முடிவு செய்ய வேண்டும். பொங்கல், ஊர்ப் பண்டிகை, பங்குத் திருவிழா ஆகிய நாட்களில் பெங்களூர்ப் பேருந்துகள் நிரம்பி வருகின்றன. அவ்வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கலாம். வர இயலாத தந்தையோடு தொலைபேசியில் அரைமணி பேசலாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடத்தில் இருந்த மாவட்டம் இது. ஆகவே படிவங்களை நிரப்பச் சொல்லாமல், வாய்மொழியாகவே பேச வேண்டும். பெற்றோர் இல்லாத வீட்டில், சோறு போடுபவர் எவரோ அவரே பெற்றோர். அந்த ஆயாவை அழைத்து, அதே இருக்கையில், அதே மரியாதையோடு அமர்த்த வேண்டும். கண் மங்கிய ஆயாவும் பேரன் வரும் நேரத்தைக் காதால் அறிவார்.

பள்ளிகள் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். பிடிபட்ட மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவது பள்ளிக்கு எளிது. ஆனால் பள்ளியை இழந்த பிள்ளை, தன்னைப் பார்க்கும் கடைசிப் பெரியவரையும் இழக்கிறான். பெற்றோரும், ‘ஊர் அறிந்தால் மானம் போகும்’ என்று அஞ்சி மறைப்பதை விட வேண்டும். சிறு புண்ணாக இருக்கையில் காட்டாது, புரையோடியபின் கட்டு அவிழ்ப்பதால் யாது பயன்?

அன்புப் பெற்றோரே, நம் இல்லங்களில் பலவற்றிற்கு இவ்விருக்கை என்றும் தேவைப்படாமல் போகலாம், அவ்வாறே ஆகுக. ஆனால் பள்ளியிலிருந்தோ பங்கிலிருந்தோ ஒரு நாள் அழைப்பு வருமாயின், ‘என் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன்’ என்று சொல்லித் திரும்பிவிடாதீர்கள். ‘அவன் செத்தான்’ என்று சபிக்கவும் வேண்டா. ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று வந்து அமருங்கள். தந்தையும் தாயும் சேர்ந்து வர இயன்றால் மிக நன்று. அந்த ஒரு மணிநேரத்தில் உங்களிடம் எவரும் தீர்ப்புக் கூறப் போவதில்லை. உங்கள் பிள்ளை உள்ளே வந்து, தான் எண்ணிய ஒன்றைச் சொல்வான். அதை அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.